சோராய்தா திரைகளில் பிடித்துப் பார்த்த ஊதாத் துணி

லிமா நகரத்து வில்சன் அவென்யூவில் பதினெட்டு வருடம் மானிட்டர் விற்றேன். ஆள் கடைக்குள் கால் வைக்கும்போதே அவர் தலையில் எந்தத் திரையைக் கட்டலாம் என்று எனக்குத் தெரிந்துவிடும். கணக்கு எழுதுகிறவரா, எழுத்து பெரிதாகத் தெரிந்தால் போதும். விளையாடுகிறவனா, வளைந்த திரையைக் கண்டதும் மயங்கிவிடுவான். கல்யாண வீடியோ எடுக்கிறவரா, பளிச்சென்று இருந்தால் தலையாட்டிவிடுவார். இத்தனை வருடத்தில் நிறம் பார்க்க உண்மையாகவே தெரிந்த ஒரே ஒருத்தியைத்தான் சந்தித்தேன். பெயர் சோராய்தா அதோச்சே. அவளைப் பற்றி நல்லவிதமாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவள் பிழைப்பைக் கெடுத்தவன் நான் என்பதால் நானே எழுதுகிறேன்.

அவள் பாரியோஸ் ஆல்தோஸ் என்கிற பழைய பேட்டையில் பிறந்தவள். குழந்தையாக இருந்தபோது பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். அவள் அம்மா அற்புதங்களின் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. அன்றுமுதல் சாகும்வரை ஒவ்வோர் அக்டோபர் ஊர்வலத்திலும் அந்தம்மா ஆண்டவருக்கு உரிய ஊதா அங்கி போட்டு, சாம்பிராணிச் சட்டியை ஏந்தி, ஆண்டவர் படத்துக்கு முகம் காட்டிப் பின்னோக்கி நடந்தாள். அங்கித் துணி வாங்கப் போகும்போதெல்லாம் மகளும் கூடப் போவாள். ஆறு வயதிலேயே கடைக்காரனிடம், "இது போன வருஷ ஊதா இல்ல, இதுல நீலம் இருக்கு" என்று சண்டை போட்டவள் அவள். கடைக்காரன் துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வேறு துணிச் சுருளை எடுத்து வந்தானாம்.

அம்மா இறந்ததும் அங்கியோடே அடக்கம் செய்தார்கள். அதற்குமுன் சோராய்தா அங்கியின் கீழ்மடிப்பைப் பிரித்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டாள். மடிப்புக்குள் இருந்ததால் அந்த இடத்தில் வெயில் படவில்லை, சாயம் வெளுக்கவில்லை. ஊதாச் சோளத்தைக் கொதிக்கவைத்து இறக்கிய முதல் தண்ணீர் எப்படி இருக்கும், அந்த நிறம்.

பிரேஞா பக்கத்தில் டோன் எவாரிஸ்தோ என்பவரின் அச்சகத்தில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தி, நிறம் சரிபார்த்து, அச்சுக்கு அனுப்பவேண்டும். பதினோரு வருடம் அந்த ஒரே நாற்காலி. சம்பளம் கூட்டிக் கேட்கும்போதெல்லாம் டோன் எவாரிஸ்தோ ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"மெஷின் என்னுது, மை என்னுது, கட்டடம் என்னுது. உன்கிட்ட என்ன இருக்கு சோராய்தா? ரெண்டு கண்ணு. கண்ணு எல்லாருக்குந்தான் இருக்கு."

அந்த வருடம் அவள் தெரு ஊர்வலச் சபைக்கு ஐம்பதாவது ஆண்டு. தெரு நெடுகத் தொங்கவிட ஐம்பத்திரண்டு துணிப் பதாகைகள் வேண்டும் என்று சபைத் தலைவர் டோன் தெயோஃபிலோ முடிவு செய்தார். நேரே அவள் வீட்டுக்கு வந்து, "உங்கம்மா சாம்பிராணி புடிச்ச தெரு இது. நீதான் பண்ணணும். நல்லா வந்துச்சுன்னா மத்த தெருச் சபைக்கும் நானே சொல்லிவிடுறேன்" என்றார். அவ்வளவுதான். சோராய்தா ஆகஸ்டில் வேலையை விட்டாள். கம்ப்யூட்டர் அவளிடம் இருந்தது. துணியில் அச்சடிக்க கமர்ரா துணிச்சந்தையில் எத்தனையோ பட்டறைகள் இருந்தன. ஒரு நல்ல மானிட்டர்தான் இல்லை. அது அமைந்தால் டோன் எவாரிஸ்தோவின் முகத்தில் இனி விழிக்க வேண்டாம். அமையாவிட்டால் மறுபடி அந்த நாற்காலி.

எங்கள் காம்ப்ளெக்ஸுக்கு அவள் வந்தது அதற்காகத்தான். செவ்வாயும் வெள்ளியும், மூன்று வாரம். எங்கள் வியாபாரத்தில் எல்லாத் திரையிலும் கிளி வீடியோதான் ஓடும். பச்சைக் கிளி, சிவப்புக் கிளி, பின்னால் நீர்வீழ்ச்சி. கிளி எந்தத் திரையிலும் அழகாகத்தான் தெரியும். இவள் வந்ததும் முதல் வார்த்தை, "கிளிய எடுங்க. என் படத்தப் போடுங்க." பென் டிரைவை நீட்டுவாள். திரையில் அவளுடைய பதாகை வரும். பிளாஸ்டிக் உறையிலிருந்து துணித் துண்டை எடுத்துத் திரையின்மேல் வைப்பாள். ஒரு கண்ணைச் சுருக்குவாள். பிறகு துணியை எடுத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போவாள். லிமாவின் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு நிறமும் பொய் சொல்லாது என்பாள். துணியைப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து திரையைப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

"துணிக்காரி வர்றா, கிளியெல்லாம் கூண்டுல போடுங்கப்பா" என்று பக்கத்துக் கடை எஃப்ராயின் கத்துவான். எல்லாரும் சிரிப்போம்.

ஒருநாள் அவன் அவள் முகத்துக்கு நேராகவே சீண்டினான். "மகாராணி, துணி மட்டும் போதுமா? ஊதாச் சோளக் களி ஒரு கிண்ணம் கொண்டாந்து பக்கத்துல வச்சுப் பாருங்களேன்."

"கொண்டாறேன்யா. உங்க வாய அடைக்க ஏதாவது வேணுமே."

காம்ப்ளெக்ஸே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு அடி வாங்கியது எஃப்ராயின்தானே.

மூன்றாவது வெள்ளிக்கிழமை என் கடைக்கு வந்தாள். அப்போது என்னிடம் பேசத் தகுந்த மானிட்டர்கள் இரண்டு இருந்தன. ஒன்று பழையது. மூடிப்போன ஒரு விளம்பரக் கம்பெனியிலிருந்து வந்தது. தடித்த சட்டம், காலில் கீறல், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் அது நிறத்துக்காகவே செய்த மானிட்டர். கொடுத்ததைக் கொடுத்தபடி காட்டும். மங்கலாகத் தெரிந்ததால் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்று புதிது. வளைந்த திரை, ஓரமே தெரியாத சட்டம். கடை முதலாளியம்மா எர்மெலிந்தா அதில் இருபது இறக்கியிருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் படத்தைப் போட்டேன். துணியைப் பிடித்துப் பார்த்தாள்.

"பழசு நீலமடிக்குது. புதுசு சாராயக்கடை போர்டு மாதிரி மினுக்குது. ரெண்டும் வேணாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய மானிட்டர் உள்ளதைத்தான் காட்டியது. நீலம் அவள் படத்திலேயே இருந்தது. டோன் எவாரிஸ்தோவின் கிழட்டுத் திரையும் சிவப்படித்திருக்கிறது, கிழட்டு மெஷினும் சிவப்படித்திருக்கிறது. பதினோரு வருடம் அந்த இரண்டு தப்புக்கும் ஈடாகப் படத்தில் நீலத்தைக் கூட்டிக் கூட்டி அவள் கை பழகிவிட்டது. வேறு மெஷினுக்குப் போனால் மாட்டிக்கொள்வாள். "சென்யோரா, மானிட்டர் சரியாத்தான் இருக்கு, உங்க படத்துலதான் நீலம் ஜாஸ்தி." இந்த ஒரு வாக்கியம்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பதினஞ்சு வருஷமா இதையே விக்கிறீங்களாமே? இங்க ஒருத்தருக்காவது நிறம் பாக்கத் தெரியுதா? கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே தூங்குறீங்க."

எஃப்ராயின்தான் முதலில் சிரித்தான். பிறகு எதிர்க்கடை. பிறகு பிரிண்டர் மை விற்கிற பெண்கள் இருவரும். எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று வாரம் அலைந்து களைத்துப்போய் ஒருத்தி ஏதோ சொல்லிவிட்டாள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பெருந்தன்மை அன்றைக்கும் கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை.

"ஒரு நிமிஷம் சென்யோரா. கேபிள் லூசா இருக்கு. நீங்க வாசல்ல போய்த் துணிய ஒருதடவ பாத்துட்டு வாங்க" என்றேன்.

அவள் போனாள். புதிய மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டேன். இதை நாங்கள் மேக்கப் என்போம். விற்கவேண்டிய திரைக்கு ஒளியை ஏற்றுவதும் பக்கத்துத் திரைக்கு இறக்குவதும் எல்லாக் கடையிலும் நடக்கிறதுதான். நான் போட்டது அதையும் மிஞ்சிய மேக்கப். சிவப்பை ஏற்றினேன், நீலத்தைப் பாதிக்குமேல் இறக்கினேன், பளபளப்பைக் குறைத்தேன். மூன்று வாரமாக அவள் துணியைப் பார்த்துப் பார்த்து அந்த நிறம் எனக்கும் மனப்பாடம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்தவள் துணியைத் திரையில் வைத்தாள். துணியின் ஓரம் எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுதான். இதுதான் எங்கம்மா" என்றாள்.

நான் பெட்டியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளே இன்னொரு வாய்ப்பும் கொடுத்தாள்.

"ஆனா வெள்ள கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதே? ஆண்டவர் முகம்கூட செவசெவன்னு இருக்கு."

"மானிட்டர்ல ஒண்ணுமில்ல சென்யோரா. பதினோரு வருஷம் ஒரே பழைய திரையப் பாத்துப் பழகின கண்ணு. கண்ணுதான் ஏமாத்துது. ஒரு வாரம் போனா சரியாயிடும்."

அவள் நம்பிவிட்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் கண்ணைவிட்டு வேறொருவன் வாயை நம்பினாள். டாக்ஸியில் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது எஃப்ராயின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். அடுத்த கடை வியாபாரத்தில் வாய் வைக்கக்கூடாது என்பது எங்கள் காம்ப்ளெக்ஸ் சட்டம்.

"லிசாந்த்ரோ, ரொம்ப ஓவராப் போட்டுட்ட" என்றான்.

"அவ கண்ணுக்கு எது புடிக்குதோ அதத்தான குடுத்தேன்."

அந்தப் பழைய மானிட்டரை மறுவாரம் ஒரு கோழி வறுக்கிற கடைக்காரர் வாங்கிப்போனார். கல்லாவைக் கேமராவில் பார்க்க வேண்டுமாம்.

மிச்சத்தை எஃப்ராயினின் சித்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தம்மாளுக்குச் சோராய்தாவின் தெருவில்தான் வீடு. செப்டம்பர் முடிகிற சமயத்தில் கமர்ராவில் எந்த மெஷினைப் பார்த்தாலும் ஊதாதான் ஓடிக்கொண்டிருக்கும். மாதிரிக்கு ஒரு துண்டு அடித்துக் காட்டச் சொல்லி சோராய்தா கேட்டிருக்கிறாள். "மாதிரி வேணும்னா வரிசையில கடைசிக்குப் போங்க தாயி, அக்டோபர் தாண்டிரும்" என்றிருக்கிறார்கள். திரையில்தான் பொருந்திவிட்டதே என்று அவளும் விட்டுவிட்டாள். வேறு எந்த மானிட்டராக இருந்திருந்தாலும் மாதிரி பார்க்காமல் அவள் ஒரு முழம் துணிகூட அடிக்க விட்டிருக்க மாட்டாள்.

பதாகைகள் கடைசி நேரத்தில்தான், சுருட்டிக் கட்டின உருளைகளாகவே, பட்டறையிலிருந்து தெருவுக்கு வந்து சேர்ந்தன. ஊர்வலத்தன்று காலையில் ஏணி போட்டு ஏறி முதல் உருளையைப் பிரித்தார்கள். நீலம். சந்தேகத்துக்கே இடமில்லாத நீலம். இரண்டாவதும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். கீழே தெரு முழுக்க ஊதா அங்கிகளோடு ஜனங்கள் நிற்கிறார்கள்.

"இது எந்த பேங்க் விளம்பரம்டா?" என்று ஏணியில் நின்றவன் கேட்டிருக்கிறான்.

"அம்மா சாம்பிராணி புடிச்ச தெருவுல மக நீலம் பூசிட்டா" என்றாளாம் ஒருத்தி.

டோன் தெயோஃபிலோ சத்தம்கூடப் போடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கழட்டுங்க" என்று மட்டும் சொன்னார். ஐம்பது வருடத்தில் முதல்தடவையாக அந்தத் தெரு வெறும் கம்பிகளோடு நின்றது. ஆண்டவர் அதன் வழியாகப் போனார். சோராய்தா அம்மாவின் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம்.

பத்து நாள் கழித்து என் கடைக்கு வந்தாள். கத்துவாள், மானிட்டரை மேசையில் போட்டு உடைப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் பதாகையில் வெட்டிய ஒரு துண்டையும் அம்மாவின் துணியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணாவா தெரியுது உங்களுக்கு?"

"இல்ல சென்யோரா. இது நீலம், இது ஊதா."

"எனக்கும் இப்ப அப்படித்தான் தெரியுது. அந்தத் திரையில மட்டும் ஒண்ணாத் தெரியுது. டோன் லிசாந்த்ரோ, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நான் வாசலுக்குப் போனப்போ நீங்க எதையாவது மாத்தினீங்களா?"

நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். எஃப்ராயின் தன் கடையில் கிளி வீடியோவைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். முதலாளியம்மா அன்று கடையில் இல்லை. யாருக்கும் நான் பயப்பட வேண்டியிருக்கவில்லை. வெறும் கோழைத்தனம்.

"நான் தொடவே இல்ல சென்யோரா. கேபிள மட்டுந்தான் அழுத்தினேன்."

அவள் இரண்டு துண்டுகளையும் மடித்து உறையில் போட்டாள்.

"அப்போ கண்ணுதான்" என்றாள். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க."

அந்த மாதமே மானிட்டரை வான்காயோவில் இருக்கிற யாரோ உறவுக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு டோன் எவாரிஸ்தோவிடமே திரும்பிப் போயிருக்கிறாள். அவர் சேர்த்துக்கொண்டார். பழைய நாற்காலி கிடைக்கவில்லை. பதாகைகளின் மூலையில் இரும்பு வளையம் அடித்துக் கயிறு கோக்கிற மேசையைக் காட்டினார். "கண்ணு போனா என்ன, கை இருக்குல்ல" என்றாராம்.

நான்கு வருடம் போனது. காம்ப்ளெக்ஸில் கடை நொடித்து, நான் இப்போது போன் உறை விற்கிறேன். போன அக்டோபரில் ஒரு சின்னப் பதாகை அடிக்க வேண்டியிருந்தது. பக்கத்திலேயே பத்து அச்சகம் இருக்கிறது. இருந்தும் பஸ் ஏறி டோன் எவாரிஸ்தோவின் அச்சகத்துக்குத்தான் போனேன். எதற்குப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

ஊதா அங்கியில், கையில் சுத்தியலோடு, வளையம் அடிக்கிற மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஒரு கிழவர் அவளிடம் இரண்டு அச்சுத் துண்டுகளை நீட்டி எது ஆண்டவர் ஊதா என்று கேட்டார். அவள் திரையின் முன் உட்கார்ந்திருந்த நரைத்த தலைக்காரரைக் கைகாட்டினாள்.

"அவர்கிட்ட கேளுங்க ஐயா. நிறம் பாக்க என் கண்ணு பத்தாது."

கிழவர் நகர்ந்ததும் நான் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"சென்யோரா சோராய்தா, உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. அன்னிக்கு நீங்க வாசலுக்குப் போனப்போ நான்தான் பட்டன அமுக்கி நிறத்த மாத்தினேன். எல்லார் முன்னாடியும் சொன்னீங்களேன்னு கோவம். பழைய மானிட்டர் காட்டுனதுதான் உண்மை. நீலம் உங்க படத்துல இருந்துச்சு. உங்க கண்ணு சரியாத்தான் சொல்லுச்சு."

சுத்தியலைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் லேசாகச் சிரித்தாள்.

"நல்ல மனசு உங்களுக்கு. எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க."

"ஆறுதல் இல்ல. ஆண்டவர் மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் போடாதீங்க, அக்டோபர் மாசம். அன்னிக்கு நான் உங்க கண்ணப் பாத்துத்தான கேட்டேன்? தொடலன்னீங்க. அது பொய்யா இருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?"

"கண் டாக்டர்கிட்டயாவது போய்க் கேட்டீங்களா?"

"போனேன். எழுத்தக் காட்டினாரு, எல்லாம் படிச்சேன், நல்லா இருக்குன்னாரு. எழுத்து கறுப்புதான. நிறத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

அந்தத் திரையை வைத்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் காட்டலாம் என்று நினைத்தேன். வான்காயோக்காரன் அதை யாருக்கோ விற்று மூன்று வருடமாகிறதாம். என்னிடம் காட்ட ஒன்றுமே இல்லை. அவளை ஏமாற்ற ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. உண்மையைச் சொன்னால் அது அவள் காதில் தருமம் போடுகிற மாதிரி விழுகிறது.

மேசைக்கடியிலிருந்து காகிதத்தைப் பிரித்து எனக்கு ஒரு துண்டு துர்ரோன், அந்த ஊர்வல மாதத்து மிட்டாய், கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டேன்.

"வந்ததுதான் வந்தீங்க, ஒரு உதவி பண்ணிட்டுப் போங்க" என்றாள். அவள் முன்னால் ஏழெட்டுக் கயிற்று உருண்டைகள் கிடந்தன. எல்லாம் ஊதா, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. பேசிக்கொண்டே அவள் அதில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். "இதுல எது ஆண்டவர் ஊதா?"

நான் ஒவ்வொன்றாக வாசலுக்கு எடுத்துப்போய்ச் சாம்பல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றில் நீலம், இன்னொன்றில் பழுப்பு, மற்றொன்று வெளுப்பு. திரும்பி வந்தேன்.

"உங்க கையில இருக்கிறதுதான் சென்யோரா. நீங்க பாக்காமலே எடுத்துட்டீங்க."

"அப்படியா?" என்றாள். கையிலிருந்த உருண்டையை ஒருதரம் புரட்டிப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, திரைக்கு முன்னால் இருந்த நரைத்த தலைக்காரரிடம் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். இது ஊதாதானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."